மேல்மாடி வீட்டுக்கு ஏசி: 38 ஆயிரம் ரூபாய் பெட்டி 52 ஆயிரம் ஆன கதை

கேள்வி கேட்டவர் வேலூர் சத்துவாச்சாரியில் மேல்மாடியில் குடியிருக்கிறார், சொந்த வீடு. பத்துக்குப் பன்னிரண்டில் இரண்டு படுக்கையறை. ஒரு கடையில் 1.5 டன் 5 ஸ்டார் 46 ஆயிரம் என்றார்களாம், இன்னொரு கடையில் "மேல்மாடியா, அப்போ 2 டன் போட்டுடுங்க சார்" என்றார்களாம், வீட்டில் மாமனார் "வேலூர் வெயில் வறண்ட வெயில்தானே, கூலரே போதும், எதுக்கு இந்தச் செலவு" என்கிறாராம். மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் எழுதியிருக்கும் கேள்வி. எனக்கு அதில் மூன்று கேள்விகள் தெரிகின்றன. கடையில் கொடுக்கும் பணத்துக்கு மேல் இன்னும் எவ்வளவு போகும், ஈபி பில் தாங்குமா, மாமனார் சொல்வது சரியா. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் வரிசை மாறும், ஏனென்றால் பெட்டியின் விலையிலிருந்து ஆரம்பித்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.

என்னைப் பற்றி ஒரு வரி. ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டு 19 வருடமாக வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் ஏசி மாட்டுவதும் கழற்றுவதும்தான் பிழைப்பு. வீட்டு ஸ்பிளிட் ஏசிதான் என் வேலை. ஹோட்டல், ஆஸ்பத்திரிக்குப் போடும் பெரிய மெஷின்களைப் பற்றிக் கேட்டால் வேறு ஆளைக் கைகாட்டுவேன். கீழே சொல்லும் ரூபாய்க் கணக்கெல்லாம் எங்கள் பக்கத்து விலை, தோராயம். காப்பர் விலை ஏறினால் இறங்கினால் இதுவும் மாறும்.

முதலில் மாமனார். அவரைச் சும்மா தள்ளிவிட முடியாது, பாதி சரியாகத்தான் சொல்கிறார். கூலர் என்பது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றின் சூட்டைக் குறைப்பது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேலை செய்யும். ஏப்ரல் மாதத்து மத்தியானம், வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தேன்கூடு பேடு (தண்ணீரில் நனையும் அட்டை) போட்ட கூலர் அந்தக் காற்றை 29 டிகிரி பக்கம் கொண்டுவந்துவிடும். பதினோரு டிகிரி குறைகிறது, சாதாரண விஷயமில்லை, அதுவும் 200 வாட் கரண்டில். மத்தியானம் ஹாலில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அது தாராளம். ஆனால் அதே கூலரை ராத்திரி பத்து மணிக்குப் போட்டுப் பாருங்கள். வெளியே 31, 32 இருக்கும், சாயங்காலக் கடல் காற்று எட்டிப் பார்த்துவிட்டால் ஈரப்பதம் ஏறிவிடும், அப்போது கூலரால் நாலைந்து டிகிரிக்கு மேல் குறைக்க முடியாது, அந்த நாலைந்தையும் அறைக்குள் ஈரத்தை ஏற்றித்தான் குறைக்கும். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் அரை மணியில் மெத்தை பிசுபிசுக்கும். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் அன்றைக்குச் சுத்தமாக வேலைக்கு ஆகாது. அப்புறம் தண்ணீர். ராத்திரி முழுக்க ஓடினால் மூன்று நாலு குடம் குடிக்கும், டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் மாதத்தில். எங்கள் ஊர் போர் தண்ணீரில் உப்பு வேறு, இரண்டு சீசனில் பேடு சுண்ணாம்பு படிந்து கட்டை மாதிரி ஆகிவிடும். ஆக, பகலுக்கு, ஹாலுக்கு, மாமனாருக்கு: கூலர் சரி. ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதற்கு: ஏசிதான்.

இப்போது கடைக்காரர் பார்க்காத இடத்துக்கு வருகிறேன், உங்கள் தலைக்கு மேலே. போன மே மாதம் காட்பாடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஏற்கெனவே 1.5 டன் இருக்கிறது, "கூலிங்கே வரலை, கேஸ் குறைஞ்சிருக்கும் பாருங்கண்ணே" என்று அழைத்திருந்தார்கள். ராத்திரி ஒன்பது மணி. கேஸ் அளவு சரியாக இருந்தது. இண்டோர் யூனிட்டிலிருந்து, அதாவது அறைக்குள் இருக்கும் பெட்டியிலிருந்து, வரும் காற்று 13 டிகிரி, அருமையான கூலிங். அறையில் 29. டெம்பரேச்சர் துப்பாக்கியைச் சுவரில் காட்டினேன், 34. மேலே சீலிங்கில் காட்டினேன், 41. ஸ்டூல் போட்டு ஏறி உள்ளங்கையை வைக்கச் சொன்னேன், அந்த வீட்டு அம்மா வைத்த கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார்கள். தோசைக்கல்லை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் ஆனால் எப்படி இருக்குமோ அப்படி. பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கீழே விட்டுக்கொண்டே இருக்கிறது. ஏசி அறையைக் குளிர வைக்கவில்லை, தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. வேலூரைச் சுற்றி மரமில்லாத மலை என்று சொல்வார்களே, அந்தப் பாறைகள் செய்யும் வேலையையே நம் கான்கிரீட்டும் செய்கிறது.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரு டன் ஏசி என்றால் எடை இல்லை. ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவு, கிலோவாட்டில் சொன்னால் மூன்றரை. உங்கள் அறை 120 சதுர அடி. வெறும் கான்கிரீட் தளம், மேலே கறுத்துப்போன சிமெண்ட் பூச்சு என்றால், உச்சி நேரத்தில் அந்த 120 சதுர அடி வழியாக மட்டும் ஒரு கிலோவாட் பக்கம் சூடு உள்ளே இறங்கும். ஒரு அயர்ன் பாக்ஸைச் சூடாக்கித் தலைக்கு மேலே தொங்கவிட்டுவிட்டு ஏசி போடுவது மாதிரி. அந்த ஒரு கிலோவாட்தான் உங்களை 1 டன்னிலிருந்து 1.5 டன்னுக்குத் தள்ளுகிறது. 2 டன் என்று சொன்னவர் இதை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார், அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லமாட்டேன், ஆனால் 120 சதுர அடிக்கு 2 டன் வேண்டாம். மற்ற மாதங்களில் அது கொஞ்ச நேரத்தில் செட் ஆகிவிட்டு நின்று நின்று ஓடும், ஈரம் எடுக்காது, விலையும் அதிகம்.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் முதல் செலவைத் தளத்தில் போடச் சொல்கிறேன். ஏசி மாட்டிப் பிழைக்கிறவன் இதைச் சொல்லக்கூடாது என்று என் தம்பியே திட்டுவான். மொட்டை மாடியைச் சுரண்டிக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடிப்பது ஏழைக்கேற்ற வைத்தியம். ஆயிரம் சதுர அடிக்கு ஆள் கூலியோடு நாலைந்தாயிரத்தில் முடியும், ஆனால் ஒரு மழைக்காலம் போனால் பாதி போய்விடும், வருடா வருடம் மார்ச்சில் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் என்று வருவது சதுர அடிக்கு 25 முதல் 40 ரூபாய் வரை ஆகும், மூன்று நாலு வருடம் தாங்கும், தூசி படிந்தால் கழுவ வேண்டும். வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்தால் கூலியெல்லாம் சேர்த்து சதுர அடி 80, 100 ரூபாய்க்குப் போய்விடும், ஆனால் அதோடு ஓதம் பிரச்சினையும் தீரும். அந்தக் காலத்து வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் 1 டன்னே தாராளமாகப் போதுகிறது, நானே மாட்டியிருக்கிறேன். உங்கள் தளம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. வெறும் சிமெண்ட் தளம் என்றால் 1.5 டன், வெள்ளை அடித்தோ டைல்ஸ் போட்டோ இருந்தால் 1 டன்னை யோசிக்கலாம். மேற்குச் சுவர் வெயில் வாங்கும் அறை என்றால் மறுபடியும் 1.5. வீட்டைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது ஜோசியம்.

சரி, பணம். காட்பாடி பக்கத்திலேயே இன்னொரு வீட்டில், போன ஏப்ரலில் நான் மாட்டிய ஒரு 1.5 டன் 3 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசியின் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ரகம்) கணக்கை அப்படியே சொல்கிறேன். பெட்டி 38,000. மாட்டும் கூலி 1,800. கம்பெனி பெட்டியோடு கொடுக்கும் காப்பர் பைப் மூன்று மீட்டர்தான், அவர்களுக்கு ஆறு தேவைப்பட்டது, மீதி மூன்று மீட்டர் இன்சுலேஷன், ஒயரோடு 3,000. அவுட்டோர் ஸ்டாண்டு 800. சுவரில் ஓட்டை போட 600. ஸ்டெபிலைசர் 3,200. மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, எம்சிபி (லோடு ஏறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டு, எலெக்ட்ரீஷியன் கூலியோடு 4,500. கூட்டினால் 51,900. கடையில் 38 ஆயிரம் என்று கேட்டுவிட்டு 40 ஆயிரம் எடுத்து வைத்திருந்தார் அந்த வீட்டுக்காரர், மீதிக்கு அன்றைக்கு மச்சானுக்குப் போன் போட்டார். பெட்டி விலையோடு பத்திலிருந்து பதினைந்தாயிரம் மேலே வைத்துக்கொள்ளுங்கள், வயரிங் ஏற்கெனவே இருந்தால் அதில் நாலைந்தாயிரம் குறையும். விலையைப் பற்றி ஒரு நல்ல சேதி, ஏசிக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அதற்கு முன்னால் யாரோ வாங்கிய விலையை வைத்து யோசிக்காதீர்கள்.

இந்தக் கணக்கில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இரண்டு. முதலாவது காப்பர் பைப்பும் அதை மாட்டும் விதமும். பைப் நீளம் குறைவாக இருக்கும்படி அவுட்டோருக்கு இடம் பாருங்கள், அது நியாயமான மிச்சம். காப்பருக்குப் பதில் அலுமினியம் பைப் போட்டால் மீட்டருக்கு நானூறு ஐநூறு குறையும் என்பார்கள், ஜாயிண்ட் போடும் இடத்தில் பின்னால் லீக் வந்து நான் சரிசெய்யப் போன வீடுகள் அதிகம், வேண்டாம். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பைப் நுனியைப் புனல் மாதிரி விரித்து நட்டு போடுவார்கள், அதற்கு ஃப்ளேர் என்று பெயர், அதில் ஒரு முடி அளவு கீறல் இருந்தாலும் ஒரு வருடத்தில் கேஸ் காலி. அதற்கப்புறம் வேக்கம் பம்ப் வைத்துப் பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும், குறைந்தது இருபது நிமிடம். இதைச் செய்யாமல், அவுட்டோர் வால்வைக் கொஞ்சம் திறந்து உஸ்ஸென்று கேஸை விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு "முடிஞ்சிது சார்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. மே மாதத்தில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு ஏசி மாட்டும் பையனுக்கு இருபது நிமிடம் என்பது பெரிய நேரம், அவன் மேல் மட்டும் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கம்ப்ரஸரைத்தான் தின்னும். இப்போது வருவது பெரும்பாலும் ஆர்-32 கேஸ், கொஞ்சம் தீப்பற்றக்கூடியது, அதை இப்படி வெளியே விடுவதே தப்பு. "பம்ப் கொண்டு வந்தாத்தான் மாட்ட விடுவேன்" என்று முன்னாடியே போனில் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் ஜாயிண்டில் சோப்பு நுரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள், முட்டை விட்டால் லீக்.

இரண்டாவது கரண்ட். 1.5 டன் முழு மூச்சில் ஓடும்போது ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டில் ஏற்கெனவே கீசர், மோட்டார், மிக்ஸி. பழைய கனெக்ஷனில் அனுமதிச் சுமை ஒன்று இரண்டு கிலோவாட்தான் இருக்கும், ஈபி ஆபீசில் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள், இரண்டு அறைக்கும் ஏசி என்றால் மூன்று பேஸ் பற்றியும் அங்கேயே கேளுங்கள். பிளக் பாயிண்டிலிருந்து எடுத்து மாட்டாதீர்கள், மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி லைன். எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு: பாறை மண், கோடையில் காய்ந்துபோய் எர்த்து பிடிக்காது. ஏப்ரலில் மீட்டர் வைத்துப் பார்த்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இருபது முப்பது வோல்ட் காட்டிய வீடுகள் உண்டு, அது மூன்றுக்குக் கீழே இருந்தால் நல்லது. எர்த்துக் குழி எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், வாரம் ஒரு குடம் தண்ணீர் அதற்கும் ஊற்ற வேண்டும். ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று இன்வெர்ட்டர் ஏசி கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றன. குறைந்த வோல்டேஜைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் மின்னல் மழையில் வோல்டேஜ் தாவும்போது அவுட்டோரில் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு (பிசிபி) போனால் எட்டாயிரம், பத்தாயிரம். மூவாயிரம் ரூபாய் ஸ்டெபிலைசர் எல்லாத் தாவலையும் தடுத்துவிடாது, இருந்தாலும் எங்கள் தெரு லைனை நினைத்தால் நான் போடத்தான் சொல்வேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள்.

அவுட்டோரை எங்கே வைப்பது என்பதற்கு யாரும் பணம் கேட்பதில்லை, அதனால் யாரும் யோசிப்பதும் இல்லை. பெட்டியில் எழுதியிருக்கும் 1.5 டன் என்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வேலூரில் மே மாதம் நிழலிலேயே 42. மேற்குச் சுவரில், வெயிலில், சூடான மொட்டை மாடித் தரையை ஒட்டி வைத்தால் அது உறிஞ்சும் காற்று 47, 48 இருக்கும். அந்தச் சூட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் கூலிங் குறையும், கரண்ட் கூடும். ஒரு அபார்ட்மெண்ட்டில் பைப் போகும் குறுகலான சந்துக்குள் நாலு மாடி அவுட்டோரையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். கீழ் மெஷின் ஊதும் சூட்டை மேல் மெஷின் உறிஞ்சுகிறது, நாலாவது மாடிக்காரர் ஏசி தினமும் மத்தியானம் மூன்று மணிக்குத் தானாக நின்றுவிடும், அவர் மூன்று தடவை கேஸ் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். கேஸில் ஒரு குறையும் இல்லை. வடக்கு அல்லது கிழக்குச் சுவர், முன்னால் நாலடி காலியிடம், சர்வீஸ் செய்ய ஆள் நிற்க வசதி, இது மூன்றும் இருந்தால் போதும். மாடிதான் ஒரே வழி என்றால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், காற்று தடைபடாத மாதிரி மேலே ஒரு தகரப் பந்தல்.

ஈபி பில்லைத்தான் எல்லோரும் பயந்து கேட்கிறார்கள், பயம் நியாயம்தான், ஆனால் எங்கே பயப்பட வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், படிப்படியாக விலை ஏறும். உங்கள் வீட்டில் ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் என்று வையுங்கள், 2025-ம் வருட விலைப்படி பில் எழுநூறு சொச்சம் வரும். மேல்மாடி அறையில் 1.5 டன் 3 ஸ்டாரை ராத்திரி எட்டு மணி நேரம் 26-ல் வைத்து, ஃபேனும் போட்டு ஓட்டினால் கோடையில் ஒரு ராத்திரிக்கு ஆறிலிருந்து எட்டு யூனிட் ஆகும் என்பது நான் பல வீட்டு மீட்டரில் பார்த்தது. ஏழு என்று எடுத்தால் அறுபது நாளுக்கு 420. ஆக மொத்தம் 720 யூனிட், பில் நாலாயிரம் ரூபாய் சுற்றி. அதாவது ஏசிக்கென்று இரண்டு மாதத்துக்கு மூவாயிரத்து முந்நூறு பக்கம். கவனியுங்கள், யூனிட் இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, பில் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 500-ஐத் தாண்டியதும் 101-லிருந்து 200 வரைக்கும் கிடைத்த சலுகை விலை போய்விடும், அந்த ஒரு யூனிட் தாண்டுவதற்கு மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல், 600 தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800 தாண்டினால் பத்துக்கு மேல், 1000 தாண்டினால் பதினொன்றுக்கு மேல். இரண்டு அறையிலும் தனித்தனி ஏசி ஓடினால் இந்த மேல் படிகளில்தான் போய் நிற்பீர்கள். அதனால்தான் மே மாதம் மட்டும் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரிக்கும் வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தளத்துக்கு வெள்ளை அடித்த பிறகு ஒரு வீட்டில் ராத்திரிக்கு ஏழு யூனிட் ஐந்தரையாகக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் அதே அளவு குறையும் என்று எழுதிக் கொடுக்கமாட்டேன், குறையும் என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது 3 ஸ்டாரா 5 ஸ்டாரா. ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஸ்டிக்கரில் ஐஎஸ்இஇஆர் (ISEER) என்று ஒரு எண் இருக்கும், இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு கூலிங் தருகிறது என்பதன் அளவு, அதைப் பாருங்கள். ஸ்டார் அளவுகோலை அரசு அவ்வப்போது கடுமையாக்கிக்கொண்டே வருகிறது, பழைய ஸ்டாக்கில் இருக்கும் 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல, அந்த எண் மட்டும் பொய் சொல்லாது. அதே ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பது 1600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கு. கடைகளில் நீங்கள் பார்க்கும் 3 ஸ்டார் நாலு பக்கம், 5 ஸ்டார் ஐந்துக்கு மேல் என்றால் வித்தியாசம் இருபது சதவீதம். மேலே சொன்ன 420 யூனிட்டில் 80 மிச்சம், உங்கள் படியில் அது எழுநூற்று எழுபது ரூபாய் பக்கம், கோடைக்கு இரண்டு பில் என்றால் வருடத்துக்கு 1,500 சொச்சம். இரண்டு பெட்டிக்கும் விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும் போட்டது திரும்ப. மார்ச்சிலிருந்து ஜூன் வரை மட்டும் ராத்திரி போடுகிறவருக்கு 3 ஸ்டார் போதும், அந்த எட்டாயிரத்தைத் தளத்தில் போடுங்கள். வீட்டிலிருந்தே வேலை, பகலும் ஓடும், அக்டோபரிலும் போடுவேன் என்றால் 5 ஸ்டார். டெம்பரேச்சரை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஆறு சதவீதம் மிச்சம் என்று அரசின் மின்சிக்கன அமைப்பு சொல்கிறது, அந்த விகிதம் பார்த்தால் 20-லிருந்து 24-க்கு வருவதே 3 ஸ்டாரை 5 ஸ்டார் ஆக்குகிற மாதிரிதான்.

பராமரிப்பில் இரண்டே விஷயம். எங்கள் ஊர்த் தூசிக்கு ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் குழாயில் காட்டிக் கழுவுங்கள், வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரியில் அவுட்டோர் காயிலையும் சேர்த்துத் தண்ணீர் அடித்து சர்வீஸ், எழுநூறு எண்ணூறு ஆகும். அப்புறம் ஏப்ரல் மாதத்தில் "டிரெய்ன் பைப்பில் தண்ணியே வரலை, ஏசி ரிப்பேரா" என்று போன் செய்யாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால்தானே தண்ணீர் வரும். அதே ஏசி அக்டோபரில் ராத்திரிக்கு ஒரு பக்கெட் நிரப்பும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். பெரியவர்கள் படுக்கும் அறைக்கு மட்டும் முதலில் ஒரு 1.5 டன் 3 ஸ்டார், எல்லாம் சேர்த்து 52 ஆயிரத்துக்குள். இன்னொரு அறைக்கு ஏசி வாங்க வைத்திருந்த பணத்தில் மாடித் தளத்துக்கு கூல் ரூஃப் பெயிண்ட். வயரிங்கை மட்டும் இரண்டு அறைக்கும் இப்போதே இழுத்து வைத்துவிடுவேன், சுவரை இரண்டு தடவை உடைக்க வேண்டாம். ஒரு கோடை ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவது அறைக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் 1 டன் போதுமா என்று முடிவெடுக்கலாம். மாமனாருக்கு ஹாலில் ஒரு கூலர், அது ஏழெட்டாயிரம், அவர் சொன்னதும் நடந்த மாதிரி இருக்கும். வாங்குவதை அக்னி நட்சத்திரம் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் கடையில் பேரம் பேச முடியும், மாட்ட வருகிற ஆளுக்கும் அவசரம் இருக்காது, வேக்கம் பம்பை வைத்துவிட்டு உட்கார்ந்து உங்கள் வீட்டு டீயைக் குடிப்பான்.